தாத்தா வந்தார், தகராறு வந்தது!

ஒரு படம் நன்றாக ஓடினால் நம்மவர்கள் இரண்டு நாள் பேசுவார்கள். ஊத்திக்கொண்டால் இரண்டு வாரம். அதுவே பெரிய டைரக்டரின் படம் ஊத்திக்கொண்டால்? கேட்கவே வேண்டாம், அடுத்த தீபாவளி வரைக்கும் தாங்கும்!

2024 ஜூலை 12-ம் தேதி ‘இந்தியன் 2’ ரிலீஸ். அந்த வாரமும் அதற்கடுத்த வாரமும் நான் டீ குடிக்கிற மவுன்ட் ரோடு கடையில், வாணலிக்குள் வடையும் வாணலிக்கு வெளியே ஷங்கரும் ஒன்றாக வறுபட்டார்கள்.

“மூணு மணி நேரம் சார்! லீவு போட்டுட்டுப் போனேன்” என்றார் ஓர் இன்ஷூரன்ஸ் ஆசாமி.

“அதான் ரிலீசுக்கப்புறம் பன்னிரண்டு நிமிஷம் வெட்டிட்டாங்களே?”

“என் லீவுல பன்னிரண்டு நிமிஷத்தைத் திருப்பித் தருவாங்களா?”

பி.காம். படிக்கும்போது ‘குட்வில்’ என்று ஒரு சமாசாரம் சொல்லிக் கொடுப்பார்கள். ஒரு கடையை வாங்கும்போது சரக்கு, மேஜை, நாற்காலிக்கு மேலே அந்தக் கடையின் பெயருக்காகக் கொடுக்கிற தொகை. கண்ணுக்குத் தெரியாது, கணக்கில் உண்டு. 1993-ல் ‘ஜென்டில்மேன்’ படத்தில் ஆரம்பித்து ‘காதலன்’, ‘இந்தியன்’, ‘முதல்வன்’, ‘அந்நியன்’, ‘எந்திரன்’ என்று ஷங்கர் சேர்த்து வைத்தது அதுதான். முதல் நாள் டிக்கெட்டுக்கு அலைந்தவன் 2024-ல் வந்த படத்துக்கா காசு கொடுத்தான்? 1996-க்கு அல்லவா கொடுத்தான்!

சரி, எங்கே கோட்டை விட்டார்? ஆளுக்கொரு காரணம்.

“சுஜாதா இல்லே சார். அதான்” என்றார் கண்ணாடிக்காரர் ஒருவர். சுஜாதா 2008-ல் போய்விட்டார். முதல் ‘இந்தியன்’ வசனம் அவருடையது. ஆனால் ‘ஜென்டில்மேன்’ வசனம் பாலகுமாரன் ஆயிற்றே? அது ஓடவில்லையா? “அப்போ ரஹ்மான் இல்லாததுதான்” என்று கட்சி மாறினார். ‘அந்நியன்’ படத்துக்கு இசை ஹாரிஸ் ஜெயராஜ். அவரும் விட்டுவிட்டு டீயை உறிஞ்ச ஆரம்பித்தார். இன்னொருவருக்கு சேனாபதியின் வயதுதான் பிரச்னை. கணக்குப் போட்டால் நூறைத் தாண்டுகிறது. அந்தத் தாத்தா ஒற்றைச் சக்கர வண்டியில் போலீசுக்கு டிமிக்கி கொடுக்கிறார். இதெல்லாம் ஷங்கர் படத்தில் சகஜம் என்பதால் நான் கண்டுகொள்ளவில்லை.

“அண்ணே, அவர் எப்பவுமே இப்படித்தான். அப்போ நீங்க சின்னப் பசங்க, வாயைப் பொளந்துக்கிட்டுப் பார்த்தீங்க” என்றான் ஒரு இளவட்டம். இது கொஞ்சம் உறைத்தது. அன்று ராத்திரியே பழைய ‘இந்தியன்’ போட்டுப் பார்த்தேன்.

பையன் சொன்னதில் பாதி வாஸ்தவம். அதிலும் ஏகப்பட்ட ஜிகினா உண்டு. பாட்டுகளில் பணம் தண்ணீராக ஓடுகிறது. ஆனால் லஞ்சம் வாங்குகிறவர்கள் எல்லாரும் நமக்குத் தெரிந்தவர்கள்! ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஆசாமி, ஆஸ்பத்திரி டாக்டர். மகள் தீக்காயத்தோடு கிடக்கும்போதும் சேனாபதி காசு தர மறுக்கிறார், அவள் செத்துப் போகிறாள். பிறகு மகன். பிரேக் சரியில்லாத பஸ்ஸுக்குக் காசு வாங்கிக்கொண்டு சர்டிபிகேட் கொடுக்க, பள்ளிக் குழந்தைகள் சாகிறார்கள். பெற்ற மகன் என்று பாராமல் கொல்கிறார். கொள்கைக்கு உண்டான பில்லைத் தாத்தா தன் வீட்டிலேயே கட்டினார். கமலுக்குத் தேசிய விருது கிடைத்தது வெறும் மேக்கப்புக்காக இல்லை.

இரண்டாம் பாகத்தில் தாத்தா தைவானிலிருந்து வந்து கோடீஸ்வரர்களை வர்மக்கலையால் படுத்துகிறார். தியேட்டரில் யாருக்கும் எந்தக் கோடீஸ்வரனையும் தெரியாது. அவன் செத்தால் என்ன, குதிரை மாதிரி ஓடினால் என்ன?

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். முதல் படத்தில்கூட இல்லாத ஒரு விஷயம் இதில் இருந்தது. ‘முதலில் உன் வீட்டைச் சுத்தம் பண்ணு’ என்கிறார் தாத்தா. அதைக் கேட்டு சித்தார்த், லஞ்ச ஒழிப்புத் துறையிலேயே இருந்துகொண்டு லஞ்சம் வாங்கும் அப்பா சமுத்திரக்கனியைக் காட்டிக் கொடுக்கிறார். அவமானம் தாங்காமல் அம்மா உயிரை விடுகிறாள். முன்னே அப்பா மகனைத் தண்டித்தார். இப்போது மகன் அப்பாவை. இருபத்தெட்டு வருஷத்துக்கு அப்புறம் அதே கேள்வியைத் திருப்பிப் போட்டார் பாருங்கள், அது பழைய ஷங்கர்!

டீக்கடையில் இதைச் சொன்னபோது, அதுவரை வாயே திறக்காமல் நின்றிருந்த ஒரு சாஃப்ட்வேர் தம்பி பேசினார்.

“எங்கப்பா கவர்ன்மென்ட் ஆபீஸ்லதான் சார் இருந்தார். அவர் சம்பளத்துல என்னை இன்ஜினீயரிங் படிக்க வெச்சிருக்க முடியாது. வேலைக்குப் போனப்புறம்தான் அந்தக் கணக்கு எனக்குப் புரிஞ்சுது. அப்பாகிட்ட இதுவரைக்கும் கேட்டதில்லே. அந்த சீன்லே எனக்கு வயித்தைப் பிசைஞ்சுது. இப்ப ஏதோ சொல்லப் போறாங்கன்னு சீட் நுனிக்கு வந்தேன். படம் சேஸிங்குக்குப் போயிடுச்சு. அதான் சார் என் கோபம்.”

இன்ஷூரன்ஸ் ஆசாமி காலி கிளாஸை உருட்டிக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் கொஞ்ச நேரம் யாரும் ஷங்கரை வறுக்கவில்லை.

2025 ஜனவரியில் தெலுங்கில் ‘கேம் சேஞ்சர்’ வந்தது. அதுவும் போனது. ‘ஷங்கர் அவ்வளவுதான்’ என்று தீர்ப்பு எழுதியவர்கள் நிறையப் பேர். நான் எழுத மாட்டேன். சரக்கே இல்லாதவருக்கு அந்தச் சித்தார்த் வீடு தோன்றியிருக்காது. தோன்றிய பிறகு அங்கே உட்காரப் பொறுமை இல்லாமல், கூட்டம் கொட்டாவி விட்டுவிடுமோ என்று பயந்து எழுந்து ஓடிவிட்டார். ‘கோ பேக் இந்தியன்’ என்று ஊரே தாத்தாவைத் துரத்துகிறது. படமும் பின்னாலேயே ஓடுகிறது. கடைசியில் அடுத்த பாகத்தின் ட்ரெய்லர் வேறு! படத்தைவிட அதுதான் தேவலை என்று சொன்னவர்களும் உண்டு.

அம்மா போய்விட்ட வீட்டில், ஜாமீனில் வந்த அப்பாவும் காட்டிக் கொடுத்த பிள்ளையும் எதிரெதிரே சாப்பிட உட்காருகிற முதல் ராத்திரி. சாதம் யார் வடித்தார்கள், முதல் வார்த்தை யார் பேசினார்கள்? அதை மட்டும் பத்து நிமிஷம் எடுத்திருந்தால் போதும். ஒற்றைச் சக்கர வண்டிச் செலவும் மிச்சமாகியிருக்கும்.