முகவரி இல்லாத தச்சருக்கு ஒரு முகவரி

பூக்கடைக்கு விளம்பரம் வேண்டுவதில்லை என்பார்கள், மணமே வழிகாட்டிவிடும். ஆனால் காலடியில் கிடக்கும் மரத்தளத்துக்கு மணம் ஏது? அதன்மேல் நடப்பவர் அதை இழைத்த கையை நினைப்பதும் அரிது.

நுவரெலியாவிலும் ஹட்டனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் துரைமாருக்கென எழுந்த பங்களாக்கள் பலவற்றில் பலகைத் தளங்கள் இன்றும் உள்ளன. கந்தப்பொலையில் ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1996இல் விடுதியாக மாறியது. பொகவந்தலாவைப் பக்கத்துப் பங்களாக்கள் சில 2005 முதல் உல்லாசப் பயணிகள் தங்கும் இல்லங்களாயின. பழைய கட்டிடங்களுக்கு இவ்வாறு புதுவாழ்வு வரும்போது, தளம் செப்பனிடும் தச்சருக்கும் வேலை உண்டாகின்றது. மலைநாட்டு மூடுபனியில் பலகை ஈரத்தை உறிஞ்சி விரியும், வறட்சியில் சுருங்கும். ஆதலால் புதுப்பலகையைச் சில நாள் அவ்வறையிலேயே வைத்திருந்து பதப்படுத்துவதும், சுவரோரம் சிறிது இடைவெளி விடுவதும் தொழிலறிந்தோர் வழக்கம்.

அத்தகைய தச்சரை விடுதிக்காரர் எங்கே தேடுகிறார்? முன்பு மரக்காலையில் விசாரித்தார். இன்று கைத்தொலைபேசியில் கூகுளை விசாரிக்கிறார். அருகிலுள்ள தொழிலாளரை வரிசைப்படுத்தும்போது தான் நோக்குபவை மூன்று என்று அந்நிறுவனமே கூறுகின்றது: கேட்ட வேலைக்குப் பொருத்தம், கேட்பவரிடமிருந்து உள்ள தூரம், தொழிலின் பிரபலம். இவ்வரிசையில் முன்னிடத்தைக் காசு கொடுத்து வாங்க இயலாது. ஆகவே “முதலிடம் பெற்றுத் தருகிறோம்” என்று பணம் கேட்போரிடம் எச்சரிக்கை வேண்டும்.

இங்கே நம்மவருக்கு ஒரு தடை தோன்றும். லயன் அறைகளில் வாழ்வோர் பலருக்குத் தனி முகவரி இல்லை. கடிதங்கள் தோட்டக் காரியாலயத்தின் வழியாக வருவதே நெடுங்கால வழக்கம். முகவரியற்றவர் உலகுக்கு முகங்காட்டுவது எவ்வாறு? வழி இருக்கின்றது. வாடிக்கையாளரின் இடத்துக்கே சென்று வேலை செய்பவர், கூகுளின் தொழிற்பதிவில் தம் வீட்டு முகவரியை மறைத்து, தாம் சென்று பணியாற்றும் ஊர்களை மட்டும் குறிப்பிடலாம். இப்பதிவுக்குக் கட்டணமில்லை. ஆயினும் தொழில் உண்மையானதென்று காணொளி முதலிய வழிகளால் உறுதிப்படுத்த வேண்டியிருக்கும்.

அடுத்தது இணையத்தளம். அதற்கு ஆடம்பரம் வேண்டாம். செய்யும் வேலை எது, எந்த மரம், எந்த ஊர் என்பன தெளிவாக இருத்தல் வேண்டும். செப்பனிடுமுன் எடுத்த படமும் பின் எடுத்த படமும் அருகருகே நிற்கட்டும். தேடுவோர் பல மொழியினர். எனவே தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஊர்ப்பெயர்களை எழுதுதல் நன்று. தொழிற்பெயரும் தொலைபேசி இலக்கமும் எங்கும் ஒன்றுபோலிருத்தல் அவசியம். வேலை முடிந்ததும் வாடிக்கையாளரின் உண்மையான கருத்தைக் கேட்டுப் பெறலாம். தாமே புனைந்து எழுதும் புகழுரையோ விதிக்கும் மாறு, அறத்துக்கும் மாறு.

மாணவச் செல்வங்களே! உங்கள் தந்தையோ மாமனோ உளி பிடிப்பவராயின், விடுமுறையில் ஒரு மாலைப்பொழுதை அவருக்குக் கொடுங்கள். அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். அவருடைய கைத்திறனுக்கு உங்கள் கல்வி துணை நிற்குமானால், லயத்தில் பிறந்த தொழிலும் தன் பெயரோடு ஊரறிய வாழும்.