மயக்கம் தெளியும் வேளையில்

சத்திரசிகிச்சை முடிந்து மயக்கம் தெளியும்போது சிலர் திடீரெனக் கத்துவர். சேலைன் குழாயைப் பிடுங்குவர். தாதியரை அடிக்கவும் கூடும். பெரும்பாலும் சிறிது நேரத்தில் அடங்கிவிடும் சித்தக்குழப்பம் இது. விழித்தபின் பலருக்கு எதுவுமே நினைவிராது.

ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படையினரிடம், குறிப்பாகப் போரின் பேரதிர்ச்சி மனவடுவாய்த் தங்கிவிட்டவர்களிடம், இது அதிகம் தோன்றுவதை இராணுவ வைத்தியர்கள் கவனித்தனர். அறிவு முழுதாய் விழிக்குமுன் பழைய அச்சம் விழித்துக்கொள்கிறது போலும். அவ்வேளை கைகால்களை அழுத்திப் பிடித்தால், பிடிப்பவர் எதிரியாகவே தெரிவார். பிடிக்காவிட்டால் கட்டிலிலிருந்து விழுந்துவிடுவாரே என்ற தாதியின் சங்கடம் வேறு! சத்தமில்லாத அறையும் பெயர் சொல்லி அழைக்கும் அமைதியான குரலும் ஓரளவு உதவும்.

மயக்கமருந்து வைத்தியர் முன்னதாக ஒவ்வாமை பற்றி விசாரிப்பார். கெட்ட கனவுகளால் தூக்கம் கலைவதையும் அப்போதே சொல்லிவிட்டால், அதற்கேற்ற மருந்தைத் தெரிவுசெய்ய அவருக்கு வழியுண்டு.