களைப்பு வேறு, பயிற்சி வேறு

உடற்பயிற்சி நன்று என்பதை மறுப்பவர் எவருமிலர். அதற்கு நேரமில்லை என்பவரோ பலர். பணி நாளுக்குள்ளேயே அந்நேரத்தைக் கண்டடையும் வழியை இக்கட்டுரை விளக்குகிறது.

உழைப்பும் வலிமையும்

திண்டுக்கல் சமவெளியின் சிற்றூர்களில் ஏற்றம் இறைத்தலும் உரலில் நெல் குற்றுதலும் மூட்டை சுமத்தலும் அன்றாடப் பணிகளாக இருந்தன. அக்காலத்தில் உடல்வலிமைக்கெனத் தனிநேரம் தேவைப்படவில்லை. ஊர்ப் பொதுவிடத்தில் கிடக்கும் இளவட்டக்கல்லைத் தோள்வரை தூக்கிப் பின்புறம் எறிவது, தென்மாவட்டங்களில் இளைஞரின் வலிமைக்கு அளவுகோலாக இருந்தது. கர்லாக்கட்டையைத் தோளைச் சுற்றிச் சுழற்றுவது மற்றொரு மரபு. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் இக்கட்டைப் பயிற்சியைத் தம் நாட்டிற்குக் கொண்டு சென்றனர். அங்குள்ள பயிற்சிக்கூடங்களில் 'டம்பெல்' என்னும் கைப்பளுவோடு அதுவும் இடம்பெற்றது.

மாறிய பணிச்சூழல்

இன்று நீரை மின்விசை இறைக்கிறது. நெல்லை ஆலை அரைக்கிறது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டைச் செய்யும் கைவினைஞர், நெடுநேரம் குனிந்தமர்ந்து அரத்தால் இழைக்கிறார். நூற்பாலைத் தொழிலாளர் பணிநேரம் முழுவதும் நின்றும் நடந்தும் உழைக்கிறார். அலுவலர் நாற்காலியை விட்டு எழுவது அரிது. மாலையில் மூவருமே களைத்துவிடுகின்றனர். ஆயினும், ஒரே அசைவு திரும்பத் திரும்ப நிகழ்வதால் சில தசைகள் சோர்கின்றன. ஏனையவை பயன்படாமல் மெலிகின்றன. முப்பது வயதிற்குப்பின் பத்தாண்டிற்கு ஏறத்தாழ 3 முதல் 8 விழுக்காடு வரை தசை குறையக்கூடும் என்பர் மருத்துவர். களைப்பையே பயிற்சியெனக் கருதுவோர் இவ்விழப்பை உணர்வதில்லை.

சிறுபொழுதும் பயன்தரும்

உலக நலவாழ்வு அமைப்பு 2020இல் வெளியிட்ட நெறிமுறைகள், பெரியவர்கள் வாரத்தில் இரண்டு நாள்களேனும் தசைகளை வலுவாக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்கின்றன. உடலியக்கம் ஒருமுறைக்குப் பத்து நிமிடமேனும் நீடிக்க வேண்டும் என்ற முந்தைய வரையறையும் நீக்கப்பட்டது. சிறுசிறு இயக்கங்களும் கணக்கில் சேரும் என்பதே இதன் பொருள்.

நாளைப் பகுத்தல்

காலையில் பணிக்குமுன், கைப்பளுவை மார்போடு அணைத்து உட்கார்ந்து எழலாம். நண்பகல் உணவிற்குமுன், தோளிலிருந்து தலைக்குமேல் உயர்த்தலாம். மாலையில், முதுகை வளைக்காமல் முன்சாய்ந்து நின்று, பளுவை இடுப்பை நோக்கி இழுக்கலாம். ஒவ்வொன்றையும் பத்துப் பன்னிரண்டு முறையாக இரு சுற்றுகள் செய்ய ஐந்து நிமிடம் போதும். ஒன்றுவிட்டு ஒருநாளாக வாரம் மூன்று நாள் செய்தால் 45 நிமிடமாகும். இடைப்பட்ட ஓய்வில்தான் தசை தன்னைச் செப்பனிட்டு வலுப்பெறுகிறது. பளுவை உயர்த்தும்போது மூச்சை வெளிவிட வேண்டும், அடக்குதல் கூடாது. ஆலையில் பணிபுரிவோர் இயந்திரங்களிலிருந்து விலகி, ஓய்விடத்தில் மட்டுமே செய்ய வேண்டும்.

கைப்பளு இல்லாதவர் ஒரு லிட்டர் நீர் நிறைந்த புட்டியைப் பயன்படுத்தலாம். அதன் எடை ஏறத்தாழ ஒரு கிலோ. மணல் நிரப்பினால் எடை கூடும். மாணவர்கள் உடற்கல்வி ஆசிரியரிடம் முறையறிந்து, குறைந்த எடையில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துதல் வேண்டும்.

இளவட்டக்கல்லைத் தூக்கியவர்களுக்கு அன்றாட வாழ்வே பயிற்சி தந்தது. நமக்கு அதை வாழ்வு தானாகத் தருவதில்லை. நாமே தேடிக்கொள்ள வேண்டும். படிப்பிற்கு இடையே எழுந்து நிற்கும் ஐந்து நிமிடத்திலிருந்து அதனைத் தொடங்கலாம்.