மகிழுந்து குலுங்குவது ஏன்?

நெகிரி செம்பிலானின் ரந்தாவ், பகாவ் வட்டாரத் தோட்டப்புறக் குடும்பங்களுக்கு மகிழுந்து ஆடம்பரமன்று; வேலைக்கும் மருத்துவமனைக்கும் அதுவே துணை. அதன் இயந்திரம் குலுங்கினால் அன்றாட வாழ்க்கையே தடைபடும்.

1994ஆம் ஆண்டில் அறிமுகமான பெரோடுவா கஞ்சிலை எடுத்துக்கொள்வோம். அதில் மூன்று சிலிண்டர்கள் உள்ளன. ஒன்றில் பெட்ரோல் எரியாவிட்டால், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறையும், இயந்திரமும் நடுங்கும்.

காற்று, பெட்ரோல், தீப்பொறி ஆகிய மூன்றும் முறையாகச் சேர்ந்தால்தான் இயந்திரம் சீராக ஓடும். சோதனையைத் தீப்பொறி தரும் பிளக்கிலிருந்து தொடங்குவது எளிது. இயந்திரத்தை நிறுத்தி, நன்கு ஆறிய பின் பெரியவர் ஒருவர் பிளக்குகளைக் கழற்றிப் பார்க்கலாம். முனை இளம்பழுப்பாக இருந்தால் நன்று. கரி படிந்திருந்தால், பெட்ரோல் மிகுந்திருக்கலாம். காற்று வடிகட்டி அடைபட்டும் இருக்கலாம். பெட்ரோலில் நனைந்திருந்தால், பெரும்பாலும் அங்குத் தீப்பொறி எழவில்லை.

நனைந்த பிளக்கைத் துடைத்து, பக்கத்துப் பிளக்குடன் இடம் மாற்ற வேண்டும், மின்கம்பிகளை மாற்றக்கூடாது. சிறிது நேரம் இயக்கி, ஆறவிட்டு மீண்டும் பார்க்க வேண்டும். அதே பிளக் நனைந்திருந்தால், பழுது பிளக்கில்தான். முன்பிருந்த சிலிண்டரே நனைந்திருந்தால், பழுது கம்பியிலோ இயந்திரத்தின் உள்ளேயோ இருக்கலாம்; அதைப் பட்டறையில் காட்ட வேண்டும்.

எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் எண்ணெயைக் கழுவித் தேய்மானத்தை உண்டாக்கும். எனவே, தாமதம் செலவைப் பெருக்கும். காரணம் அறியாமல் பாகங்களை மாற்றுவதும் வீண் செலவே.