தமிழ் பேசும் கம்ப்யூட்டர்!
சம்பளம் இல்லாமல் உழைக்கும் மொழித் தொண்டர்கள்

கம்ப்யூட்டரைத் திறந்ததும் திரையில் என்ன தெரிகிறது? "ஃபைல்", "எடிட்", "சேவ்" என்று ஆங்கிலச் சொற்கள்!

ஆங்கிலம் படித்தவருக்குக் கவலை இல்லை. தமிழ் மட்டும் எழுதப் படிக்கத் தெரிந்த தாய்மார் என்ன செய்வார்கள்? பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட வேண்டியதுதான்.

அதே இடத்தில் "கோப்பு", "திருத்து", "சேமி" என்று இருந்தால்? தாங்களே வேலையை முடித்துக் கொள்வார்கள்.

இப்படித் தமிழ்ப்படுத்தும் வேலையைச் சம்பளம் வாங்காமல் செய்து வருகிறவர்கள் பலர் இருக்கிறார்கள்.

பூட்டு இல்லாத மென்பொருள்

கம்ப்யூட்டரை இயக்கும் கட்டளைகளின் தொகுப்புக்கு மென்பொருள் என்று பெயர். பல கம்பெனிகள் அதைப் பூட்டி வைத்திருக்கின்றன. மற்றவர்கள் அதைப் பிரித்துப் பார்க்கவும் முடியாது; மாற்றவும் முடியாது.

இந்தப் பூட்டை உடைக்கப் புறப்பட்டார், அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன். 1983-ம் ஆண்டு அவர் தமது திட்டத்தை அறிவித்தார். 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் "லினக்ஸ்" என்பதை உருவாக்கி வெளியிட்டார்.

இவை சமையல் குறிப்பு போன்றவை. யாரும் படிக்கலாம். உப்பு, புளியைக் கூட்டிக் குறைக்கலாம். அடுத்த வீட்டுக்கும் கொடுக்கலாம். இதைத்தான் "கட்டற்ற மென்பொருள்" என்கிறார்கள்.

இதைத் தமிழில் மாற்ற யாரிடமும் மனுப் போட வேண்டாம். தமிழர்களே மாற்றிக் கொள்ளலாம். 2000-ம் ஆண்டை ஒட்டியே, பல நாடுகளில் வாழும் தமிழர்கள் ஒன்று சேர்ந்து, லினக்ஸில் இயங்கும் "கே.டி.இ." என்ற திரைத் தொகுப்பைத் தமிழாக்கத் தொடங்கினார்கள்.

குரோம்பேட்டையின் பங்கு

இதில் தாம்பரம் வட்டாரத்துக்கும் பங்கு உண்டு. குரோம்பேட்டையில் உள்ள எம்.ஐ.டி. கல்லூரி, 1949-ல் சி.ராஜம் நிறுவியது. அப்துல் கலாமும், எழுத்தாளர் சுஜாதாவும் படித்த இடம் அது.

அந்த வளாகத்தில் ஏ.யூ.-கே.பி.சி. ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 2005-ல் இந்த மையமும், சென்னை சி-டாக் நிறுவனமும் கைகோத்து, கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைத் தொடங்கின. 2007-ல் "பாஸ்" என்ற இந்திய லினக்ஸ் வெளிவந்தது. தமிழ் உள்பட பல இந்திய மொழிகளில் அது இயங்குகிறது. 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய லேப்டாப்பிலும் அது இடம் பெற்றது.

வேலை எப்படி நடக்கிறது?

மென்பொருளின் சொற்கள் எல்லாம் தனியாக ஒரு பட்டியலில் இருக்கும். மேலே ஆங்கில வரி. கீழே காலி இடம். அந்த இடத்தில் தமிழை எழுத வேண்டும். இன்னொருவர் சரி பார்ப்பார். பிறகு அது மென்பொருளில் சேரும். பெரிய மென்பொருளில் இத்தகைய வரிகள் ஆயிரக்கணக்கில் இருக்கும்!

கேட்க எளிது. செய்து பார்த்தால்தான் தொல்லை தெரியும். "ரைட்" என்று ஒரு சொல் வருகிறது. அது "வலது" பக்கமா, "சரி" என்பதா? பட்டியலில் சொல் மட்டுமே இருக்கும், திரை தெரியாது.

வேற்றுமை உருபு இன்னொரு சிக்கல். ஊர்ப் பெயரைக் கம்ப்யூட்டர் தானே நிரப்பும் இடங்கள் உண்டு. "மதுரை" என்பது "மதுரையில்" ஆகும். "தாம்பரம்" என்பதோ "தாம்பரத்தில்" ஆக வேண்டும். இது கம்ப்யூட்டருக்குத் தெரியுமா? "தாம்பரம்இல்" என்று எழுதி வைத்துவிடும்! ஆகவே "இடம்: தாம்பரம்" என்று வாக்கியத்தையே மாற்றி அமைக்கிறார்கள்.

ஒருவர் "சேமி" என்பார். மற்றவர் "பதிவு செய்" என்பார். "சுட்டி"யா, "மௌஸ்" போதுமா என்று வாதம் நடக்கும். இரண்டும் கலந்தால் படிப்பவர் குழம்புவார். அதனால் பொதுவான சொற்பட்டியல் வைத்துக் கொள்கிறார்கள்.

ஓய்வு இல்லை

ஒரு முறை செய்தால் முடிந்து விடுமா? அதுதான் இல்லை. மென்பொருள் புதுப்பிக்கப்படும் போதெல்லாம் புது வரிகள் வரும். தமிழாக்க ஆள் இல்லாவிட்டால் திரையில் பாதி தமிழ், பாதி ஆங்கிலம் என்று ஆகிவிடும். அதைப் பார்த்து அலுத்தவர்கள் முழு ஆங்கிலத்துக்கே போய் விடுகிறார்கள். தமிழில் பயன்படுத்த ஆள் குறைந்தால், பிழையைச் சுட்டிக் காட்டவும் ஆள் குறையும். உழைத்தவர்களின் பாடு வீணாகும்!

இதைத் தடுக்கப் புதியவர்கள் வந்து கொண்டே இருக்க வேண்டும். அவர்களுக்கு வழிகாட்டவும் முயற்சிகள் உண்டு. 2012 ஜனவரியில் தொடங்கிய "கணியம்" மின்னிதழ், கட்டற்ற மென்பொருளைப் பற்றி எளிய தமிழில் சொல்லித் தருகிறது.

தமிழாக்கம் செய்யக் கம்ப்யூட்டர் பட்டம் வேண்டாம். நல்ல தமிழ், ஓரளவு ஆங்கிலம், பொறுமை, இந்த மூன்றும் போதும். ஆசிரியர் செய்யலாம், ஓய்வு பெற்றவர் செய்யலாம், கல்லூரி மாணவியும் செய்யலாம். மாலையில் பத்து வரி எழுதினாலும், அது எங்கோ ஒரு வீட்டில் ஒரு தாய்க்குத் தானே படித்துப் பொத்தானை அழுத்தும் துணிவைத் தரும்.