பழம் கருத்தால் லாபமும் கருகும்

வாழைத்தாரை லாரியிலிருந்து இறக்கும்போது பளபளவென்றுதான் இருக்கிறது. மறுநாள் கடையில் தொங்கவிட்ட பிறகு, அடிபட்ட இடமெல்லாம் கறுத்துத் தெரிகிறது. வாடிக்கையாளர் அந்தச் சீப்பைத் தொடுவதில்லை. பாதி விலைக்குத் தள்ளிவிடுகிறோம், இல்லையேல் மாட்டுக்குப் போடுகிறோம். இந்த நஷ்டத்திற்குக் காரணமான பொருள் பழத்திற்குள்ளேயே இருக்கிறது.

அதன் பெயர் பாலிபீனால் ஆக்சிடேஸ். தாமிரம் கலந்த ஒரு நொதி. பழத்தின் துவர்ப்புப் பொருளான பீனால் ஓர் அறையிலும், இந்த நொதி வேறோர் அறையிலும் இருக்கின்றன. கிடங்கில் தீப்பெட்டியையும் மண்ணெண்ணெயையும் நாம் பிரித்து வைப்பதுபோல! அடிபட்டாலோ, நறுக்கினாலோ சுவர் உடைந்து இரண்டும் கலக்கின்றன. காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர, பழுப்பு நிறம் உண்டாகிறது.

எல்லா இடத்திலும் இது கெடுதல் அல்ல. நாம் பொட்டலம் போட்டு விற்கும் தேயிலைக்குக் கருநிறம் தருவதும் இதே நொதிதான்.

இதை அடக்கும் வழிகள் நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்தவையே. நறுக்கிய வாழைக்காயைத் தண்ணீரில் போட்டால் காற்று படாது. வாழைப்பூவை மோரில் போட்டால் புளிப்பு நொதியை மந்தமாக்கும். எலுமிச்சைச் சாறு இன்னும் நல்லது. அதிலுள்ள வைட்டமின் சி, நிறம் மாறுவதையும் தள்ளிப்போடும். கொதிநீரில் சற்று முக்கி எடுத்தால் நொதியே செயலிழந்துவிடும்.

குளிர்ச்சியும் நொதியை மெதுவாக்கும். ஆனால் எல்லாப் பழத்துக்கும் ஒரே குளிர்ச்சி ஆகாது. ஆப்பிள் 0 டிகிரியை ஒட்டிய குளிரிலும் தாங்கும். வாழைப்பழத்தை 13 டிகிரிக்குக் கீழே வைத்தால் தோல் செல்கள் பழுதாகிக் கறுத்துவிடும். ஃப்ரிட்ஜில் வைத்துக் காப்பாற்ற நினைத்துக் கெடுத்தவர்கள் நம்மில் பலர் உண்டு.

சல்பைட் என்னும் ரசாயனமும் கறுப்பதைத் தடுக்கும். ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்து. பச்சையாக உண்ணும் பழம், காய்கறிகளில் அதைச் சேர்க்க அமெரிக்கா 1986இல் தடை விதித்தது. இந்த நொதி மிகக் குறைவாகச் சுரக்கும்படி மரபணு மாற்றிய ஆப்பிளுக்கு அதே நாடு 2015இல் அனுமதி அளித்தது.

நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. தாரை எறியாமல் இறக்கச் சொல்வோம். பெட்டிக்கு மேல் பெட்டியை அழுத்தி அடுக்காமல், இடையே வைக்கோல் பரப்புவோம். அடிபட்டதை அன்றே பிரித்து அன்றே விற்போம். நறுக்கிய பழம் விற்பவர்கள் கேட்ட அளவுக்கு மட்டும் நறுக்கி, மூடி, குளிரில் வைக்கட்டும். பெயர் தெரியாத பொடி எதையும் பழத்தில் தூவ வேண்டாம். சுமை இறக்கும் தொழிலாளிக்குச் சொல்லும் ஒரு வார்த்தை, நம் கல்லாவில் பணமாகத் திரும்பும்.