'பிராண்டை மாத்தினா சரியாயிடுமா?' - ஒரகடம் ஷிஃப்ட் தொழிலாளியின் இ-சிகரெட் குழப்பத்துக்கு என்ன பதில்?

இரவு ஷிஃப்ட் முடிந்து ஒரகடத்தில் கிளம்பும் கம்பெனி பஸ் குன்றத்தூர் வந்து சேரும்போது நன்றாக விடிந்திருக்கும். இறங்கியதும் பலருடைய கால்கள் நேராக டீக்கடைக்குத்தான் போகும். ஒரு கையில் டீ கிளாஸ், இன்னொரு கையில் சிகரெட்.

அந்தக் கூட்டத்தில் ஓர் இளைஞரைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 26. ஒரு நாளைக்குப் பத்து சிகரெட் பிடித்தவர். ரூம்மேட் மூலம் 'வேப்' எனப்படும் இ-சிகரெட் அறிமுகமாகி எட்டு மாதம் ஆகிறது. சிகரெட் நின்றுவிட்டது. சட்டையில் நாற்றம் இல்லை, வீட்டிலும் சண்டை இல்லை. ஆனால், கடைசியாக வாங்கிய இரண்டு வேப்பும் சரியில்லை. கருகிய ருசி, தொண்டை எரிச்சல், சொன்ன நாளுக்கு முன்பே தீர்ந்துபோவது எனப் பிரச்னை மேல் பிரச்னை.

"இதே பிராண்ட்லயே இருக்கலாமா, இல்ல வேற மாத்தலாமா? ரெண்டும் இல்லன்னா மறுபடி சிகரெட்டுக்கே போயிடுவேனோன்னு பயமா இருக்கு." இதுதான் அவருடைய கேள்வி.

கேட்க எளிமையான கேள்விதான். ஆனால் இந்தியாவில், அதிலும் தமிழ்நாட்டில், இதற்கான பதில் பிராண்டோடு முடிந்துவிடுவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாடு அரசு 2018 செப்டம்பரிலேயே இ-சிகரெட்டுக்குத் தடை விதித்தது. ஓராண்டு கழித்து, 2019 செப்டம்பர் 18-ம் தேதி மத்திய அரசு நாடு முழுவதற்குமான அவசரச் சட்டத்தை அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் அது முழுமையான சட்டமானது.

இதன்படி இ-சிகரெட் தயாரிப்பு, இறக்குமதி, ஏற்றுமதி, விற்பனை, விநியோகம், விளம்பரம் எல்லாமே குற்றம். ஆன்லைன் விற்பனையும் இதில் அடக்கம். முதல் முறை சிக்கினால் ஓராண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் சிக்கினால் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். சரக்கைச் சேமித்து வைத்தால் 6 மாதம் வரை சிறை அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

சரி, பிடிப்பவருக்கு? புகைப்பதைத் தனிக் குற்றமாகச் சட்டம் குறிப்பிடவில்லை. ஆனால், எந்த வடிவில், எந்த அளவில் வைத்திருந்தாலும் அது சட்டத்துக்கு முரணானதுதான் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2023-ல் விளக்கம் அளித்தது. ரூமில் இருக்கும் நான்கு பேருக்கும் சேர்த்து மொத்தமாக வாங்கி வைப்பவர், 'நான் விக்கலையே' என்று சொல்லித் தப்பித்துவிட முடியாது.

உள்ளே என்னதான் இருக்கிறது?

ஒரு பேட்டரி, ஒரு சூடேற்றும் காயில், அதைச் சுற்றிப் பஞ்சு, பஞ்சில் ஊறிய திரவம். இவ்வளவுதான் வேப். அந்தத் திரவத்தில் புரோப்பிலீன் கிளைகால், கிளிசரின், ஃபிளேவர், நிகோடின் ஆகியவை இருக்கும். உறிஞ்சும்போது காயில் சூடாகி, திரவம் ஆவிபோல் வெளிவரும்.

பஞ்சு காய்ந்த நிலையில் காயில் சூடானால் கருகல் ருசி வரும். அப்போது ஃபார்மால்டிஹைடு போன்ற நச்சுப் பொருள்கள் அதிகம் உருவாகும். எனவே, 'கொஞ்சம்தான் கருகுது, தீர்ற வரைக்கும் இழுத்துடலாம்' என்று நினைப்பது தப்பு.

அடுத்தது நிகோடின் அளவு. பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராம் என்பதே உச்சவரம்பு. அட்டையில் '2%' என்று இருந்தால் அதுதான் அர்த்தம். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் வேப்பில் 2 மில்லி திரவம்தான் இருக்கலாம் என்று அங்கே விதி வகுக்கப்பட்டது. அதாவது மொத்தம் 40 மில்லிகிராம். அதுவே '5%' என்று அச்சிட்ட 10 மில்லி வேப் என்றால் உள்ளே இருப்பது 500 மில்லிகிராம். பன்னிரண்டு மடங்குக்கும் மேல்! ஒரு சிகரெட்டில் இருந்து உடம்புக்குள் போவது 1 முதல் 2 மில்லிகிராம் நிகோடின்தான் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். வேப்பில் இருப்பது முழுதும் உடம்பில் சேராது என்றாலும், பத்து சிகரெட்டோடு நின்றவர் தனக்கே தெரியாமல் பழைய அளவைத் தாண்டிவிட முடியும்.

அதே பிராண்ட், அதே டப்பா... சரக்கும் அதேவா?

பிராண்ட் என்றால் என்ன? 'போன தடவை வாங்கின மாதிரியே இந்தத் தடவையும் இருக்கும்' என்ற நம்பிக்கைதான். அந்த நம்பிக்கைக்குப் பின்னால் ஓர் ஆய்வகம், ஓர் அதிகாரி, புகார் கொடுக்க ஓர் இடம் இருக்க வேண்டும்.

இவையெல்லாம் இருக்கும் நாட்டிலேயே தவறு நடக்கிறது. பிரிட்டனில் 2023 பிப்ரவரியில், 'எல்ஃப் பார் 600' வேப்களில் 2 மில்லி வரம்பைத் தாண்டித் திரவம் இருப்பது தெரியவந்தது. நிறுவனமே தவறை ஒப்புக்கொண்டது. சூப்பர் மார்க்கெட்டுகள் அவற்றை அலமாரியில் இருந்து எடுத்தன. பரிசோதிக்க ஆள் இருந்ததால் விஷயம் வெளியே வந்தது.

இந்தியாவில்? 2022 செப்டம்பரில் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகம் ஒரு கன்டெய்னரைப் பிடித்தது. சீனாவில் இருந்து வந்த 2 லட்சத்துக்கும் மேற்பட்ட இ-சிகரெட்டுகள் உள்ளே இருந்தன. மதிப்பு சுமார் 48 கோடி ரூபாய். இப்படிக் கடத்திக் கொண்டுவரப்படும் சரக்கில் எது அசல், எது போலி, வழியில் எத்தனை நாள் வெயிலில் காய்ந்தது என்று யார் சொல்ல முடியும்?

ஆக, குன்றத்தூர் இளைஞர் பிராண்டை மாற்றினாலும் மாறப்போவது டப்பாவின் நிறம்தான். உள்ளே இருப்பதற்கு உத்தரவாதம் தர இங்கே ஆளில்லை.

வெளிநாட்டில் அனுமதிக்கிறார்களே?

உண்மைதான். காக்ரேன் ஆய்வுத் தொகுப்பின்படி, நிகோடின் வேப் மூலம் சிகரெட்டை விட முயன்ற 100 பேரில் 8 முதல் 11 பேர் வெற்றி பெறலாம். நிகோடின் சூயிங்கம், பேட்ச் பயன்படுத்தியவர்களில் இது 6 பேர். சிகரெட்டைவிட வேப்பில் ஆபத்து குறைவு என்பதே பிரிட்டன் சுகாதாரத் துறையின் நிலைப்பாடு. எனவே நம் இளைஞர் சிகரெட்டை நிறுத்தியது வெறும் பிரமை அல்ல, உண்மையான முன்னேற்றம்.

ஆனால் அது கட்டுப்பாட்டுக்குள் இருக்கும் சரக்குக்கான கணக்கு. அமெரிக்காவில் 2019-ல் வேப் பிடித்தவர்களுக்குத் திடீர் நுரையீரல் பாதிப்பு பரவியது. 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள் அல்லது இறந்தார்கள். இறந்தவர்கள் 68 பேர். பெரும்பாலானவர்கள் கஞ்சாவின் போதைப்பொருள் கலந்த வேப்களைப் பயன்படுத்தியவர்கள். அவற்றில் சேர்க்கப்பட்ட வைட்டமின் ஈ அசிடேட் முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டது. அதில் பெரும்பகுதி நண்பர்கள், டீலர்கள் வழியாகக் கைமாறிய சரக்கு.

சிங்கப்பூர் வேலைக்கு முயற்சி செய்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே 2025 செப்டம்பர் 1 முதல் விதிகள் மேலும் கடுமையாகிவிட்டன. வேப் பிடித்து முதல் முறை சிக்கும் பெரியவர்களுக்கு 700 சிங்கப்பூர் டாலர் அபராதம். திரும்பத் திரும்பச் சிக்கும் வெளிநாட்டவரின் வேலை அனுமதி ரத்தாகலாம், நாடு கடத்தவும்படலாம்.

'அப்போ, மறுபடி சிகரெட்டா?'

வேண்டவே வேண்டாம். டீக்கடையில் சட்டப்படி கிடைக்கிறது என்பதால் சிகரெட் பாதுகாப்பானது ஆகிவிடாது. புகையிலை எரியும்போது வரும் தாரும் கார்பன் மோனாக்சைடும்தான் பெரிய எமன். எட்டு மாதம் தள்ளி நின்றதை ஒரு காலையில் தொலைத்துவிடக் கூடாது.

இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி இருக்கிறது. மருந்துக் கடையில் கிடைக்கும் நிகோடின் சூயிங்கம்மும் பேட்சும்தான் அது. நிகோடின் இருக்கும், புகை இருக்காது, அளவு அட்டையில் எழுதியபடியே இருக்கும்.

கம்மை மிட்டாய் மாதிரி வேகமாக மெல்லக் கூடாது. மெதுவாக மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கிவைக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். டீ, காபி, கூல்டிரிங்க்ஸ் குடித்தால் 15 நிமிடம் இடைவெளி தேவை. இல்லையென்றால் நிகோடின் சரியாக உடம்பில் சேராது. 'கம் போட்டேன், வேலை செய்யல' என்று சொல்பவர்களில் பலர் தவறுவது இங்கேதான். எந்த அளவில் தொடங்குவது, எப்போது குறைப்பது என்பதை மருத்துவரிடம் கேட்பது நல்லது. ஈ.எஸ்.ஐ. அட்டை இருப்பவர்கள் அங்கேயே கேட்கலாம். இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

தேசியப் புகையிலை மீட்பு உதவி எண்: 1800-11-2356. கட்டணம் கிடையாது.

நிகோடினை நிறுத்தினால் எரிச்சல், தூக்கமின்மை, கவனச்சிதறல் வரும். முதல் வாரம்தான் கடினம். இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஷிஃப்ட் மாறும் வாரத்தில் தூக்கமும் சேர்ந்து கெடும் என்பதால், பகல் ஷிஃப்ட் வாரத்தில் தொடங்குவது கொஞ்சம் சுலபம். இழுக்கத் தோன்றும் ஒவ்வொரு வேகமும் சில நிமிடங்களே நீடிக்கும். அந்த நிமிடங்களைத் தாண்டிவிட்டால் போதும்.

மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, விடாத இருமல் இருந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வேப் பிடித்ததை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். சிகிச்சைக்கு அது முக்கியமான தகவல்.

'எந்த பிராண்ட் நல்லது?' என்று கேட்டவருக்குப் பதில் இதுதான்: சிகரெட்டை விட்டது நல்லது. அதே மன உறுதியோடு அடுத்த படியையும் தாண்டிவிடுங்கள். நாளைக் காலை பஸ்ஸில் இருந்து இறங்கியதும் டீயைக் குடியுங்கள். கால் மணி நேரம் கழித்துக் கம்மைப் போடுங்கள்.